ஜனவரி 31-க்கு அடுத்த மாதம் மார்ச் 2: இது பிஎச்பி பிழையா?

2024 ஜனவரி 31, மாலை 6:12 – கேள்வி

தவணைக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸ் கடைக்கு பிஎச்பி நிரல்மொழியில் மென்பொருள் எழுதுகிறேன். இன்று கடன் வாங்கியவருக்கு அடுத்த தவணைத் தேதி என்ன என்று, எழுத்தைத் தேதியாக மாற்றும் பிஎச்பி ஃபங்ஷனான ஸ்ட்ர்டுடைமிடம் (strtotime) கேட்டால் மார்ச் 2 என்கிறது. 'பிளஸ் ஒன் மன்த்' என்று தெளிவாகத்தான் கொடுத்தேன். பிப்ரவரியையே விழுங்கிவிட்டது. நேற்றைய தேதிக்கு மார்ச் 1, முந்தாநாளுக்கு மட்டும் சரியாக பிப்ரவரி 29. இது பிஎச்பியின் பிழை. தேதிக் கணக்கை பிஎச்பியில் செய்யவே கூடாது, டேட்டாபேஸிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 31, இரவு 9:40

பிழை இல்லை. மாத எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறது, பிப்ரவரி 31 கிடைக்கிறது. இந்த வருடம் பிப்ரவரிக்கு 29 நாள்தான், மிச்சமுள்ள இரண்டு நாளை மார்ச்சுக்குத் தள்ளிவிடுகிறது. அதன் கணக்கில் அது சரி.

டேட்டாபேஸிலேயே முடிக்கலாம் என்கிறீர்களே, வேடிக்கை அங்கேதான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டேட்-ஆட் ஃபங்ஷன் போட்டு ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள், பிப்ரவரி 29 வரும். அது மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும். ரசீது பிஎச்பி கணக்கிலும் மாத அறிக்கை மைஎஸ்கியூஎல் கணக்கிலும் ஓடினால் ஒரே கடனுக்கு இரண்டு தவணைத் தேதி. நான் பார்த்த ஒரு கடையில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வசூலுக்குப் போகிறவர் கையில் ஒரு தேதி, கவுண்டரில் வேறொரு தேதி. அபராத வட்டி எதிலிருந்து என்று ஒவ்வொரு மார்ச்சிலும் சண்டை.

'லாஸ்ட் டே ஆஃப் நெக்ஸ்ட் மன்த்' என்று கொடுக்கலாம், பிஎச்பி 5.3 பதிப்பிலிருந்து புரிந்துகொள்கிறது. ஆனால் 30-ஆம் தேதிக்காரருக்கு அது சரிப்படாது, அவருக்கு மார்ச்சில் 31 வந்து நிற்கும். மைஎஸ்கியூஎல் போல மாதக் கடைசியில் நிறுத்தினாலும், போன தவணையிலிருந்து அடுத்த தவணையைக் கணக்கிட்டால் 31 என்பது பிப்ரவரியில் 29 ஆகி, அதற்குப் பிறகு 29-ஆகவே இருந்துவிடும். பிப்ரவரியைத் தாண்டி வந்தவர் பழைய நாளுக்குத் திரும்பவே மாட்டார்.

செய்ய வேண்டியது இது. கடன் பதியும்போதே 'தவணை நாள்' என்று வெறும் எண்ணாக 31-ஐ அட்டவணையில் தனிப் பத்தியில் (column) வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் கடன் வாங்கிய மாதத்தின் முதல் தேதியிலிருந்து இத்தனை மாதம் என்று நகருங்கள். முதல் தேதி எல்லா மாதத்திலும் உண்டு, அது எங்கும் வழியாது. போய்ச் சேர்ந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை டேட் ஃபங்ஷனில் சிறிய 'டி' (t) எழுத்து சொல்லும். அதையும் 31-ஐயும் ஒப்பிட்டுச் சின்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 1, காலை 7:55

'30 நாள் கூட்டிவிட்டால் போயிற்றே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்காரரும் கடன் வாங்குபவரும் 30 நாள் ஒரு மாதம் என்று பேசிக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம். பத்திரத்தில் 'பிரதி மாதம் 5-ஆம் தேதி' என்று எழுதிவிட்டு 30 நாள் கூட்டினால் வருடக் கடைசியில் தவணை ஐந்து நாள் முன்னால் வந்து நிற்கும், லீப் வருடத்தில் ஆறு. வட்டிக் கடைக்காரர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

2024 பிப்ரவரி 3, பகல் 12:20

கேள்வி கேட்டவர் ஸ்ட்ர்டுடைமைப் பயன்படுத்துகிறார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது பிப்ரவரியை விட ஆபத்து.

சாய்கோடு போட்டால் அது அமெரிக்கத் தேதி: மாதம் முதலில், நாள் பிறகு. சிறுகோடு போட்டால் நம் வழக்கம்: நாள் முதலில். அதாவது 03-04-2024 ஏப்ரல் 3, 03/04/2024 மார்ச் 4. நாம் கையால் எழுதும்போது பாதிப் பேர் சாய்கோடுதான் போடுகிறோம்.

ஒரு பள்ளிக்கு மாணவர் பட்டியலை எக்செலிலிருந்து ஏற்றிக் கொடுத்தார்கள், பிறந்த தேதி எல்லாம் சாய்கோட்டில். 25/12/2010 போன்றவை உடனே மாட்டின. 25-ஆவது மாதம் கிடையாது, ஸ்ட்ர்டுடைம் 'ஃபால்ஸ்', அதாவது 'இல்லை' என்று கைவிரித்துவிடும். அந்த 'ஃபால்ஸ்' அப்படியே டேட் ஃபங்ஷனுக்குப் போனால் பூச்சியம் ஆகும், பூச்சியம் என்றால் கணினிக் கடிகாரம் எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1. இந்திய நேரத்தில் காலை 5:30. பட்டியலில் பாதிப் பிள்ளைகள் தாத்தாவோடு ஒத்த வயதுக்காரர்களாகத் தெரிந்ததால் தலைமையாசிரியரே கண்டுபிடித்துவிட்டார். ஒரு வலைத்தளத்தில் 01-01-1970 என்று பார்த்தாலே உள்ளே என்ன நடந்தது என்று இப்போது தெரிந்துவிடுகிறது.

ஆனால் 1970 ஆனவர்களால் ஆபத்தில்லை. மாதத்தின் முதல் 12 நாள்களில் பிறந்தவர்கள்தான் ஆபத்து. 07/11/2010 எந்த முனகலும் இல்லாமல் ஜூலை 11 ஆகிவிட்டது. சான்றிதழ் அச்சடிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. 05/05 பிறந்தவர் மட்டும் எந்த நாட்டுக் கணக்கிலும் தப்பித்தார்.

வெளியிலிருந்து வரும் தேதிக்கு, எந்த வடிவம் என்று நாமே சொல்லிப் படிக்கவைக்கும் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மட் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். அதிலும் இரண்டு பொறி. வடிவத்தின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போடாவிட்டால், நேரம் சொல்லாத தேதிக்கு இப்போதைய மணி நிமிடத்தை அதுவே ஒட்டிக்கொள்ளும். காலையில் படித்த பிப்ரவரி 3-ம் மாலையில் படித்த பிப்ரவரி 3-ம் சமமில்லை என்று சொல்லும். இரண்டாவது, 31/02/2024 கொடுத்தால் மறுக்காது, பழையபடி மார்ச் 2-தான். அது எச்சரிக்கையை கெட்-லாஸ்ட்-எரர்ஸில் எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். பிஎச்பி 8.2-லிருந்து எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் கெட்-லாஸ்ட்-எரர்ஸ் வரிசைக்கு (array) பதிலாக 'ஃபால்ஸ்' தரும். பழைய நிரலை அப்படியே மேலேற்றியவர்கள் கவனிக்கவும்.

2024 பிப்ரவரி 3, பகல் 12:31

நிமிடத்துக்கு எழுத்து சிறிய 'ஐ'. சிறிய 'எம்' மாதம். பில்லில் மணிக்குப் பக்கத்தில் 'எம்' போட்ட புண்ணியவான்களின் ரசீதுகள் பிப்ரவரி முழுக்க இரண்டாவது நிமிடத்திலேயே அச்சாகும். மார்ச் பிறந்தால் மூன்று.

2024 பிப்ரவரி 10, இரவு 10:05

நேரமண்டலம் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதான் கவலையாக இருக்கிறது.

பிஎச்பி அமைப்புக் கோப்பில் டேட்-டைம்ஸோன் வரியைக் காலியாக விட்டால் எல்லாம் யுடிசி, அதாவது நமக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரம். பகலில் வேலை பார்க்கும் கடைக்கு மணி தப்பாகத் தெரியும், உடனே கூப்பிட்டுவிடுவார்கள். தேதியை மட்டும் காட்டுகிற மென்பொருளில் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை நடப்பது எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும், மற்ற நேரத்தில் ஒன்றுமே தெரியாது. பெரும்பாலான கடைகள் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். பால் சங்கத்தில் காலைப் பால் 5 மணிக்கே வந்துவிடும். சீக்கிரம் வந்தவர் பால் நேற்றைய கணக்கு, 5:30-க்குப் பிறகு வந்தவர் பால் இன்றைய கணக்கு. எங்கள் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் இதைக் கண்டுபிடித்தது பொறியாளர் இல்லை, கேனோடு வரிசையில் முதல் ஆளாக நிற்கும் ஒரு பாட்டி. பத்து நாள் கணக்கு முடிக்கும்போது தன் கடைசி நாள் கணக்கில் எப்போதும் மறுநாள் காலைப் பால் சேர்ந்து வருகிறது என்றார்.

'ஆசியா/கொல்கத்தா' என்று முழுப் பெயரைக் கொடுங்கள். 'ஐஎஸ்டி' என்று சுருக்காதீர்கள். அந்த மூன்றெழுத்தை இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் வைத்திருக்கின்றன. பிஎச்பியிடம் காலை 10 மணி ஐஎஸ்டி என்றால் ஜெருசலேமில் 10 மணி என்று எடுத்துக்கொள்கிறது, நமக்கு அது பகல் 1:30. ஜாவாவில் அதே எழுத்துகள் கொல்கத்தா. ஜாவாவில் எழுதிய பகுதி அனுப்பி பிஎச்பி பகுதி வாங்கினால் மூன்றரை மணி நேரம் காற்றில் போய்விடும்.

மைஎஸ்கியூஎல் இணைப்புக்கும் தனியாக நேரமண்டலம் சொல்ல வேண்டும். அங்கே ஊர்ப் பெயர் கொடுக்க அதற்கான அட்டவணைகளை முதலில் ஏற்றியிருக்க வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் பல இடங்களில் ஏற்றியிருக்க மாட்டார்கள். +05:30 என்று கொடுத்தால் நமக்குப் போதும்.

2024 பிப்ரவரி 12, இரவு 11:18

'ஏன் ஆசியா/சென்னை இல்லை' என்று கேட்டவருக்கு. 1970-லிருந்து ஒரே மாதிரி மணி காட்டிவரும் பகுதிக்கு ஒரு பெயர், அதுவும் பொதுவாக மக்கள் தொகை அதிகமான நகரத்தின் பெயர், இதுதான் கணினிகள் பயன்படுத்தும் நேரமண்டலப் பெயர்ப் பட்டியலின் வழக்கம். 2008 வரை 'கல்கத்தா' என்று இருந்தது, அந்தப் பழைய பெயரும் இன்னும் வேலை செய்யும். குரோம் உலாவியிடம் உன் நேரமண்டலம் என்ன என்று கேட்டால் இப்போதும் கல்கத்தா என்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் கொல்கத்தா என்கிறது. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாடிக்கையாளரை 'வெளிநாட்டவர்' என்று முத்திரை குத்திய நிரலைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சென்னை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆசியா/கொல்கத்தா மண்டலத்தில் 1900-ஆம் வருடத்துத் தேதி ஒன்றைப் போட்டு யுடிசியிலிருந்து வித்தியாசம் கேளுங்கள். ஐந்தரை மணி வராது, 5 மணி 21 நிமிடம் 10 விநாடி வரும். அது மெட்ராஸ் டைம், மெட்ராஸ் வானாய்வு நிலையத்துக் கணக்கு. ரயில்கள் ஓடியதும் அந்த நேரத்தில்தான். 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஓய்வூதியர் பட்டியல் ஒன்றைப் பார்த்த பிறகு விட முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை ஆறரை மணி வித்தியாசம். இப்போது ஒருவர் 1943 ஜூன் 10 பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலாவி அதை அன்று நள்ளிரவு 12 மணி என்று எடுத்து, போர்க்காலக் கணக்கில் ஆறரை மணி கழித்து, ஜூன் 9 மாலை 5:30 யுடிசி என்று அனுப்புகிறது. இந்தப் பக்கம் பிஎச்பியில் யாரோ 'இந்தியாதானே' என்று 19,800 விநாடியைக் கையால் கூட்டுகிறார்கள். ஜூன் 9 இரவு 11 மணி. பெரியவர் ஒரு நாள் மூத்தவர் ஆகிவிட்டார், ஆதாரோடு பொருந்தவில்லை. 1950-இல் பிறந்தவருக்கு இதே நிரல் சரியாக வேலை செய்யும். சோதனைக்குத் தன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்க்கும் இளைஞருக்கு எந்தக் காலத்திலும் மாட்டாது.

இங்கே இந்திய நேரத்தின் மேல் குற்றமில்லை. பிறந்த தேதிக்கு மணி எதற்கு? அது ஒரு நாள், ஒரு கணம் இல்லை. ரசீது போட்டது கணம். தவணைத் தேதி நாள். பால் ஊற்றியது கணம், எந்த வேளைக் கணக்கு என்பது நாள். பத்தியை உருவாக்கும் முன் இரண்டில் எது என்று கேட்டுக்கொண்டால் இந்த இழையில் பாதிச் சிக்கல் வந்திருக்காது. நாள் என்றால் டேட் வகை, வருடம்-மாதம்-நாள் என்று வெறும் எழுத்தாகவே எல்லா இடத்துக்கும் கொண்டுபோங்கள், நேரமண்டலம் அதைத் தொடவே கூடாது.

2024 பிப்ரவரி 13, மாலை 5:02

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டு 'ஒரு நாட்டுக்கு ஒரு மணி என்றா நினைத்தீர்கள்' என்று எழுதியிருக்கிறார். இலங்கை 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போய், அக்டோபரில் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாறவே இல்லை, பழைய ஐந்தரையிலேயே இருந்தன. கிளிநொச்சியில் ஒரு மணி, வவுனியாவில் ஒரு மணி. 'ஆசியா/கொழும்பு' என்ற ஒற்றை வரிக்குள் அது இல்லை. அந்த வருடங்களில் வன்னியில் பதிந்த பிறப்பு நேரத்தை இணைய ஜாதக மென்பொருளில் போட்டால் லக்னமே மாறிவிடும். 'நான் எதற்கும் இரண்டு ஜாதகம் வைத்திருக்கிறேன், நல்லதாக உள்ளதைக் கொடுப்பேன்' என்கிறார்.

2024 பிப்ரவரி 20, இரவு 8:47

உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு குறிப்பு. மாதம் பூச்சியத்திலிருந்து தொடங்குவது எல்லோருக்கும் தெரியும், 1995-இல் ஜாவாவின் டேட் வகுப்பிலிருந்து அப்படியே கொண்டுவந்த சொத்து. அதிகம் பேருக்குத் தெரியாதது: சிறுகோடிட்ட '2024-02-20' என்று வெறும் தேதி கொடுத்தால் அது யுடிசி நள்ளிரவு, கூடவே நேரமும் கொடுத்தால் உள்ளூர் நேரம். யுடிசி நள்ளிரவு நமக்கு அதே நாள் காலை 5:30, அதனால் திரையில் 20 என்றே தெரியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து எத்தனை தடவை சோதித்தாலும் சரியாகவே இருக்கும். நியூஜெர்சியில் திறந்தால் 19. நமக்கு உறைப்பது திரும்பி வரும் வழியில்தான். உள்ளூர் நள்ளிரவை, யுடிசியாக மாற்றி எழுதும் டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் போட்டு அனுப்பினால் முந்தைய நாள் போகும். அங்கே வாங்குவதில் பிழை, இங்கே கொடுப்பதில் பிழை.

2024 பிப்ரவரி 29, காலை 9:15

இன்று பிறந்த குழந்தைக்கு ஒரு வருடம் கூட்டினால் பிஎச்பி 2025 மார்ச் 1, மைஎஸ்கியூஎல் 2025 பிப்ரவரி 28. எது சரி என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். பள்ளிச் சேர்க்கை விதியோ காப்பீட்டுப் பத்திரமோ என்ன சொல்கிறதோ அதுதான் சரி.

விதி தெளிவாக இருந்தால் நிரல் எவ்வளவு எளிது என்பதற்கு அரசு ஊழியர் ஓய்வு ஒரு உதாரணம். 60 வயது முடிகிற மாதத்தின் கடைசி நாள் ஓய்வு. 1-ஆம் தேதி பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசியில். பிறந்த தேதியிலிருந்து ஒரு நாள் கழி, 60 வருடம் கூட்டு, 'லாஸ்ட் டே ஆஃப் திஸ் மன்த்'. அட, அதிலும் ஒரு ஓட்டை. மார்ச் 1-இல் லீப் வருடத்தில் பிறந்தவருக்கு ஒரு நாள் கழித்தால் பிப்ரவரி 29. 60 வருடம் கழித்து வருவதும் பொதுவாக லீப் வருடம் என்பதால் இங்கே தப்பித்தோம். ஓய்வு வயது 58 ஆக இருந்த காலத்தில் அவருக்கு பிஎச்பி ஒரு மாதம் கூடுதலாக வேலை கொடுத்திருக்கும்.

2024 மார்ச் 11, காலை 6:30

நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். வருடா வருடம் இந்த வாரத்தில் எனக்கு அழைப்பு வரும். மயிலாப்பூரில் ஒரு பாட்டு டீச்சர், மாணவிகள் எல்லாம் நியூஜெர்சியில். அவர்களுக்கு இரவு 7 மணி வகுப்பு, டீச்சருக்கு மறுநாள் காலை 5:30. நேற்றிலிருந்து அதே 7 மணி டீச்சருக்கு 4:30. முன்பதிவு மென்பொருள் ஆறு மாத வகுப்புகளையும் யுடிசியாக மாற்றிச் சேமித்திருந்தது, நாளுக்கு 86,400 விநாடி கூட்டிக் கூட்டி. அதனால் டீச்சர் 5:30-க்கு வந்தார், பிள்ளைகள் ஒரு மணி நேரம் முன்பே வந்து காத்திருந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

'எல்லாவற்றையும் யுடிசியில் சேமி' என்பது நடந்து முடிந்தவற்றுக்கு நல்ல அறிவுரை. வரப்போவதற்கு, யாருடைய சுவர்க் கடிகாரத்தை நம்பி ஒத்துக்கொண்டார்களோ அந்த நேரத்தையும் அந்த ஊர் மண்டலத்தின் பெயரையும் சேமிக்க வேண்டும். யுடிசி மதிப்பைக் கடைசி நிமிடத்தில் கணக்கிட்டால் போதும். அரசாங்கங்கள் மனம் மாறுவதற்கு நாள் பார்ப்பதில்லை. போன வருடம் மார்ச்சில் லெபனானில் கடிகார மாற்றத்தைத் தள்ளிப்போட்டு, நாட்டில் பாதிப் பேர் ஒரு மணியும் மீதிப் பேர் வேறு மணியுமாக இருந்து, சில நாளில் திரும்பப் பெற்றார்கள்.

யார் கடிகாரம் என்று டீச்சரிடம் கேட்டேன். 'என் கடிகாரம்தான், நாலரைக்குக் குரல் எழும்பாது' என்றார். ஆசியா/கொல்கத்தா என்று போட்டுக் கொடுத்தாயிற்று. பிள்ளைகளின் அம்மாக்கள்தான் இப்போது எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்.

2024 மார்ச் 11, காலை 6:44

பிஎச்பியின் டேட்டைம் பொருளை (object) வேறொரு மாறிக்குச் சமம் போட்டுவிட்டு மாடிஃபை செய்தால் இரண்டும் நகரும். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் ஒன்றாகவே இருக்கின்றன என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: தான் மாறாமல் புதிய தேதியைத் திருப்பித் தரும் டேட்டைம்-இம்மியூட்டபிளுக்கு மாறுங்கள், பிஎச்பி 5.5-லிருந்து இருக்கிறது. மாறிய பிறகு, திரும்பி வருவதை மறக்காமல் ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எதுவுமே நகரவில்லை என்று அடுத்த செய்தி அனுப்புவீர்கள்.

2024 ஏப்ரல் 18, இரவு 9:50

ஃபைனான்ஸ் கடைக்காரர் இப்போது மனைக்கடனும் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம், 15 வருடத்துக்கு. பத்திரத்தில் கடன் முடியும் தேதி '30-11--0001' என்று அச்சாகிறது, இரண்டு சிறுகோடு எங்கிருந்து வந்தது என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்.

ஒன்று வருடத்துக்கு முன்னால் வழக்கமாகப் போடும் கோடு, இன்னொன்று கழித்தல் குறி. வருடம் மைனஸ் ஒன்று. 2024-உடன் 15 கூட்டினால் 2039. மைஎஸ்கியூஎல் டைம்ஸ்டாம்ப் பத்தி 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07 வரைதான் தாங்கும். உங்கள் ஹோஸ்டிங்கில், தப்பான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் பிழை சொல்லாமல் எல்லாம் பூச்சியமாக ஒரு தேதியை எழுதிவிட்டது. பிஎச்பி அதைப் படித்து, பூச்சியமாவது மாதம் என்றால் முந்தைய வருட டிசம்பர், அதில் பூச்சியமாவது நாள் என்றால் நவம்பர் 30 என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. சர்வர் 64 பிட்தானே என்று வாதிட வேண்டாம், பத்தியின் எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடன் முடியும் தேதி ஒரு நாள், பத்தியை டேட் வகைக்கு மாற்றுங்கள். வரிசை முக்கியம். முதலில் பேக்கப். அப்புறம் பூச்சியத் தேதி விழுந்த கடன்களை எடுத்துச் சரியான தேதியைப் புதிய டேட் பத்தியில் நிரப்புங்கள், மற்ற கடன்களுக்குப் பழைய மதிப்பிலிருந்து இந்திய நேரத்துத் தேதியை மட்டும் நகலெடுங்கள். சரிபார்த்த பிறகு பழைய பத்தியை நீக்குங்கள். ஸ்ட்ரிக்ட் மோடைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் பூச்சியத் தேதி உள்ள அட்டவணையில், அதன் அமைப்பை மாற்றும் ஆல்டர் கட்டளை கொடுக்கும்போது அது முரண்டு பிடிக்கும். இதற்குள் அச்சாகிக் கையெழுத்தான பத்திரங்கள் எத்தனை என்று கடைக்காரரிடம் நீங்களே கேளுங்கள்.